ஏரியின் பக்கக் கதவு

ஒரே ஒரு பேருந்து நிலையத்தைப் பற்றிப் பதினான்கு குரல் பதிவுகள் அனுப்பும் மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவன் என் கூடப்பிறந்த தம்பி.

"அக்கா, கழிப்பறை மூணு இருக்கு. ரெண்டுல தாழ்ப்பாள் இல்ல. மூணாவதுல இருக்கு, ஆனா கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சாத்தான் விழும். எழுதிக்கோ." இது முதல் பதிவு. அடுத்தது, "மூணாவதுன்னா இடது கைப் பக்கத்துலேருந்து மூணாவது." அதற்கும் அடுத்தது, "நான் ஆம்பளைங்க பக்கம் மட்டும்தான் பார்த்தேன். பொம்பளைங்க பக்கத்தைப் பத்திப் பெருக்குற அம்மாகிட்ட கேட்டிருக்கேன். அவங்க பார்த்துட்டு வந்து சொன்னதும் அனுப்புறேன்." நான் இதையெல்லாம் வேலை நேரத்தில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, முதலாளி பார்க்காதபோது கேட்டுத் தொலைக்க வேண்டும். கேட்டதைத் தட்டச்சு செய்து அவனுடைய வலைப்பூவில் ஏற்ற வேண்டும். ஆறு வருஷமாக இதுதான் எனக்கு வாய்த்த கொடுமை.

தம்பி லிப்ட் மெக்கானிக். ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரி, அலுவலகம், அடுக்குமாடிக் கட்டிடம் என்று லிப்டுகளைச் சரிபார்ப்பது அவன் வேலை. மாதத்தில் இருபது நாள் வெளியூர். எல்லோரும் அதைப் பெரிய பாக்கியம் என்பார்கள். "உங்க தம்பிக்கு என்னம்மா, சம்பளமும் கொடுத்து ஊரும் சுத்திக் காட்டுறாங்க" என்பார் எங்கள் முதலாளி. சுற்றிய லட்சணம் எனக்குத்தான் தெரியும். பதினெட்டு வருஷம் அவன் பார்த்ததெல்லாம் மோட்டார் அறை, கிரீஸ், கம்பிக் கயிறு. எந்த ஊருக்குப் போய்விட்டு வந்தாலும், "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டால், "ஏழு மாடி அக்கா" என்பான். அவ்வளவுதான் ஊர்.

இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவள் என் மகள். "மாமா, நீங்க இவ்வளவு ஊருக்குப் போறீங்க, எழுதுங்க" என்று சொல்லி, வலைப்பூ ஒன்றை உண்டாக்கிக் கொடுத்துவிட்டு, வேலை கிடைத்ததும் தன் பாட்டுக்கு வேறு ஊர் போய்ச் சேர்ந்தாள். அவனுக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. பேசச் சொன்னால் நிறுத்த மாட்டான். எனக்கோ தட்டச்சுதான் தொழில். ஆகவே அவன் பேச, நான் அடிக்க, ஊர் படிக்க என்று ஏற்பாடாயிற்று. ஊர் என்றால் நாற்பது ஐம்பது பேர்.

நான் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தின் முன்னறையில். இரண்டு கணினி, ஒரு லேமினேஷன் இயந்திரம், கழுத்து ஒடிந்து தரையைப் பார்த்தே சுற்றும் ஒரு மேசை விசிறி. தங்கும் விடுதி, வீட்டுமனை, நீச்சல் குளம் என்று யாராவது விளம்பரத் தாள் கேட்டு வருவார்கள். அவர்கள் கொண்டுவருவது ஆறு பக்கம் இருக்கும். தாளில் இடம் நாலு பக்கத்துக்குத்தான். மிச்சத்தை வெட்டுவதும், இருப்பதை மினுக்குவதும் என் வேலை. 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று எத்தனை தரம் அடித்திருப்பேனோ, முதல் எழுத்தைத் தொட்டாலே விரல் தானாகப் போய் முடித்துவிடும். சாக்கடை ஓரத்து மனைக்கும் எழில் கொஞ்சியிருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

அப்படிப்பட்டவளிடம் வந்து கழிப்பறைத் தாழ்ப்பாளை எழுது என்றால் எப்படி இருக்கும்? "அருவிக்குப் போனியாமே, தண்ணி எப்படி விழுந்துச்சு, அதைச் சொல்லு" என்பேன். "தண்ணி விழுது அக்கா. படி எழுபத்திரண்டு. முப்பதாவது படிக்கு அப்புறம் கைப்பிடி கிடையாது" என்பான். "டேய், உன்னை யாருடா படியை எண்ணச் சொன்னது? படிக்கிறவன் தூங்கிடுவான்டா!" என்று கத்துவேன். அவனும் விடமாட்டான். "தூங்குறவன் தூங்கட்டும். போறவனுக்குத்தான் எழுதுறேன்."

ஒரு தரம் கோபம் தாங்காமல் கேட்டே விட்டேன், இந்த எண்ணிக்கை வியாதி எங்கேயிருந்து பிடித்தது என்று. அன்றைக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்காமலேயே சொன்னான். "லிப்டைப் பிரிச்சா முதல்ல கீழ ஒரு பலகை மாட்டணும் அக்கா, பழுதுன்னு. அதை மாட்டுறவன் நான்தான். மாட்டிட்டுத் திரும்பினா நாலு பேர் நின்னு பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கைக்கோல் வெச்சவங்க, வயித்துல பிள்ளையோட இருக்கிறவங்க. ஒருத்தரும் திட்ட மாட்டாங்க. சும்மா பலகையைப் பார்ப்பாங்க, படியைப் பார்ப்பாங்க, திரும்பிப் போயிடுவாங்க. முன்னாடியே தெரிஞ்சா அவங்க வந்தே இருக்க மாட்டாங்கல்ல?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. "எழுதணும்னு ஆனப்புறம்தான் அக்கா நான் ஊரையே பார்க்குறேன்" என்றும் சொன்னான். எனக்கு அப்போது கொஞ்சம் இளகியது உண்மை. மறுநாளே ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிப் பதினாறு பதிவு வந்ததும் இளகியதெல்லாம் இறுகிவிட்டது.

இப்படி இருக்கையில்தான் அந்த ஏரிக்குப் போனான். பறவைகள் வந்து தங்கும் ஏரி என்று அந்தப் பக்கம் பெயர் பெற்ற இடம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் லிப்ட் வேலை மத்தியானமே முடிந்துவிட, பேருந்து பிடித்துப் போய்விட்டான். அங்கேயிருந்து பத்தொன்பது குரல் பதிவு. என் நேரம், அன்றைக்கென்று ஒரு விடுதிக்காரர் விளம்பரத் தாளை உடனே கொடு என்று தலைமேல் நின்றுகொண்டிருந்தார். நான் எட்டுப் பதிவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், மிச்சத்தை ஓட்டி ஓட்டிக் கேட்டேன். வாசலில் சுழல்கிற கம்பித் தடுப்பு இருக்கிறதாம், ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமாம். பக்கத்தில் இன்னொரு கதவு உண்டாம், அது பூட்டியிருக்கிறதாம். அதன் சாவி எதிர்த்த டீக்கடை அம்மாவிடம் இருக்கிறதாம். அந்த அம்மா வெயில் நேரத்தில் கொஞ்சம் படுத்துவிடுவாராம், கூப்பிட்டால் எழுந்துவிடுவாராம்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. பறவைகளைப் பார்க்கப் போனவன் டீக்கடை அம்மா படுப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பறவையைப் பற்றிப் பத்தொன்பதில் ஒரே ஒரு பதிவு, "பறவை இருக்கு அக்கா, வெள்ளையா, நிறைய." அன்றைக்கு நான் ஒரு முடிவு செய்தேன். சுழல் தடுப்பு, பூட்டு, சாவி, டீக்கடை எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டினேன். நான் பார்த்தே இராத அந்த ஏரியை உட்கார்ந்து எழுதினேன். வெண்மேகம் தரையிறங்கியது போலப் பறவைக் கூட்டம், நீரைத் தொட்டுக் கொஞ்சும் தென்றல், மனக்கவலை மறக்க வைக்கும் மாலைப் பொழுது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அங்கே போக வேண்டும்போல் இருந்தது.

ஏற்றிய நாலாம் நாள் இரண்டாயிரம் பேர் படித்திருந்தார்கள். யாரோ எடுத்து யாருக்கோ அனுப்ப, அவர்கள் இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பின்னூட்டத்தில் 'அருமை', 'கண்முன்னே ஏரி தெரிகிறது', 'எழுத்தில் முதிர்ச்சி' என்று ஒரே புகழ்மழை. முதலாளிகூடப் படித்துவிட்டு, "உங்க தம்பி தேறிட்டாரு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தம்பிக்குத் தான் போன இடத்தைப் பற்றி வலைப்பூவில் வருவதைத் தானே படிக்கும் வழக்கமில்லை. "நான்தான் பார்த்துட்டேனே" என்பான். ஆகவே அவனுக்கும் தெரியாது. தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அந்தப் பின்னூட்டம் வந்தது. கடையைத் திறந்து கணினியைப் போட்டதும் கண்ணில் பட்டது.

'ஐயா, வணக்கம். என் மனைவிக்கு நாலு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. சக்கர நாற்காலிதான். உங்கள் எழுத்தை நம்பி இதுவரை பதினோரு இடங்களுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். எங்கே படி, எங்கே சரிவு என்று நீங்கள் சொன்னது ஒரு இடத்திலும் தவறியதில்லை. சென்ற வாரம் ஏரிக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். வாசலில் சுழல் தடுப்பு. நாற்காலி நுழையவில்லை. பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. கேட்க ஆள் இல்லை. மற்றவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பினோம். இனி எங்கேயும் வேண்டாம் என்கிறாள். கோபித்துக்கொண்டு இதை எழுதவில்லை. ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இடத்துக்கு நீங்கள் போகவே இல்லையா?'

முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பின்னூட்டத்தை யாரும் பார்க்காதபடி மறைத்தேன். இரண்டு நாள் அது இல்லாததுபோல் நடமாடினேன். யார் மேலெல்லாமோ கோபம் வந்தது. சுழல் தடுப்பு வைத்தவன் மேல், பூட்டிவிட்டுப் போனவன் மேல், ஒரு போன் போட்டு விசாரிக்காமல் கிளம்பிய அந்த மனிதர் மேல். வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டதற்குக்கூட எரிந்து விழுந்தேன். சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் அந்தக் கடைசி வரி வந்து நின்றது. போனவன் போய்த்தான் இருந்தான். போகாதவள் நான்.

சனிக்கிழமை தம்பி வந்தான். காபியை அவன் கையில் கொடுத்துவிட்டு, போனில் அந்தப் பின்னூட்டத்தைத் திறந்து முன்னால் வைத்தேன். படித்தான். மறுபடி படித்தான்.

"சாவியைப் பத்திச் சொன்னேனே அக்கா?"

"சொன்னே."

"டீக்கடை அம்மா தூங்கினா எழுப்பலாம்னும் சொன்னேனே?"

"சொன்னேடா. நான்தான் வெட்டிட்டேன்."

அவன் தன் போனை எடுத்துத் தேடி, அந்தப் பழைய குரல் பதிவை ஓட விட்டான். காற்று இரைச்சலுக்கு நடுவே அவன் குரல், நிறுத்தி நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் சொன்னது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்ததையா வெட்டினேன் என்று இருந்தது. என் தம்பி என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினான்.

"உனக்கு அழகா இருக்கணும்! அவங்களுக்கு உள்ள போகணும்! பதினோரு இடம் போயிருக்காங்க அக்கா. யாருன்னே தெரியாத ஒருத்தனை நம்பி. நீ அவங்களை வாசல்லயே நிறுத்திட்டியே."

நான் அழுதேன். அவன் சமாதானம் செய்யவில்லை. சாவி விவரத்தை இப்போதே எழுதிப் போட்டுவிடுகிறேன் என்றேன். அதற்கும் பாய்ந்தான். "நான் போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சாவி அங்கதான் இருக்கா? கடை இருக்கா? இன்னொரு தடவை அவங்களைத் திருப்பி அனுப்பணுமா? எனக்குத் திங்கக்கிழமை வேற பக்கம் வேலை, வர ரெண்டு வாரம் ஆகும். நீ போ."

"நானா?"

"வேற யாரு? நீதானே எழுதுனே."

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்கு முந்தின நாள் அந்த மனிதருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன், போனது என் தம்பி, வெட்டியது நான், நாளைக்கு நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று. பதிலுக்கு ஒரு தொலைபேசி எண் வந்தது. கூடவே, 'அவள் பேசுவாளா என்று தெரியவில்லை' என்று ஒரு வரி.

ஐம்பத்திரண்டு வயதில் தனியாக நான் போன முதல் வெளியூர் அதுதான். எரிச்சல் பேருந்திலேயே ஆரம்பித்துவிட்டது. நடத்துநர் ஏரி நிறுத்தம் என்று இறக்கிவிட்ட இடத்தில் ஏரி இல்லை. எண்ணூறு அடி நடக்க வேண்டும், பாதி தூரம் ஜல்லி. ஜல்லியில் சக்கரம் போகாது என்று எனக்குத் தோன்றியபோது, இத்தனை வருஷம் கழித்துத் தம்பியின் கண்ணை இரவல் வாங்கி வந்ததுபோல் இருந்தது. வேன் என்றால் வாசல் வரை வேறு பாதை உண்டா என்று ஒரு சைக்கிள்காரரை நிறுத்திக் கேட்டேன். உண்டு என்றார்.

டீக்கடை இருந்தது, அந்த அம்மா இருந்தார், படுத்துத்தான் இருந்தார். எழுப்பினேன். சாவியும் இருந்தது. ஆனால் பூட்டு திறக்கவில்லை. அவன் பழைய பதிவில் சொன்னதை நான் சனிக்கிழமையே அப்படியே எழுதிப் போட்டிருந்தால், சாவியோடு வந்து மறுபடி வாசலில் நின்றிருப்பார்கள்.

"இதைத் திறந்து எத்தனை நாள் ஆச்சு?"

"யாரும் கேக்கலையேம்மா" என்றார் அவர்.

"கேக்கலைன்னா? இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேப்பாங்க?" என்று அவரிடமும் ஒரு சண்டை. பாவம், எழுந்து உட்கார்ந்த பாதித் தூக்கத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அவரே பக்கத்து சைக்கிள் கடையில் எண்ணெய் வாங்கி வந்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊற்றி, தட்டி, திருகி, அரை மணி நேரத்தில் பூட்டு திறந்தது. கதவை ஒரு ஆள் தள்ளினால் போதாது, அடியில் மண் சேர்ந்திருந்தது. காலால் மண்ணைத் தள்ளி முழுவதும் திறந்து வைத்தேன். அப்புறம்தான் அந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

எடுத்தவர் கணவர்தான். நான் இன்னார், பக்கக் கதவைத் திறந்துவிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "கதவு எவ்வளவு அகலமாம், கேளுங்க" என்றது. தம்பியின் அளவு டேப்பைக் கொண்டுவந்திருந்தேன், நல்லவேளை. அளந்து முப்பத்துநாலு அங்குலம் என்றேன். அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"என் நாற்காலி இருபத்தாறு. உள்ள என்ன, கல்லா மண்ணா?" குரலில் அவ்வளவு அலுப்பு.

"மண்ணுதான், அழுத்தமான மண்ணு. ஒரு இடத்துல மரத்தோட வேர் மேல வந்திருக்கு."

"எவ்வளவு உயரம்?"

குனிந்து அளந்தேன். "ரெண்டு அங்குலம். இடது பக்கம் சுத்திப் போயிடலாம்."

"தண்ணி தெரியற இடம் வரைக்கும் போயிடலாமா, இல்ல பாதியில ஏதாவது கட்டிவெச்சிருக்காங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே நடந்தேன். வேர்த்து ஊற்றியது. முந்நூற்றுப் பத்து அடி வைத்தபோது கரை வந்தது. நடுவில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. சொன்னேன். கழிப்பறையைப் பற்றிக் கேட்டார். ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன், ஒரு படி இருக்கிறது, உள்ளே நாற்காலி திரும்பாது என்று. "அதை நான் பார்த்துக்கறேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று வெட்டினார். "நான் போறதுக்காக மட்டும் படிக்கலைங்க. உங்க தம்பி எழுதுறதைப் படிச்சா, என்னை மாதிரி ஒருத்தி அங்க வருவான்னு அவருக்குத் தோணியிருக்குன்னு தெரியும். மத்த எவனுக்கும் தோணலையே. அந்த ஏரியைப் படிச்சப்போ யாருக்கோ எழுதின மாதிரி இருந்துச்சு. இருந்தும் வந்தேன் பாருங்க."

"சரி, பறவை இருக்கா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். வெண்மேகமும் இல்லை, கூட்டமும் இல்லை. தண்ணீர் நடுவே ஒரு கம்பம், அதன் மேல் ஒன்று, கரையோரம் ஒன்று, அவ்வளவுதான். சீசன் முடிந்துவிட்டதென்று டீக்கடை அம்மா சொல்லியிருந்தார். இதைக் கேட்டால் வரவே மாட்டார் என்று பயமாக இருந்தது. நிறைய இருக்கிறது என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது, தொழில் பழக்கம்.

"ரெண்டு கொக்கு இருந்துச்சும்மா" என்றேன். "நீங்க கேட்டீங்க, அதுக்குள்ள அதுல ஒண்ணு பறந்துடுச்சு. இப்ப ஒண்ணுதான்."

அவர் மெதுவாக, "நீங்க நிஜமாவே அங்கதான் நிக்கிறீங்க" என்றார்.

"ஆமாம்மா."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி, "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க, வேன்காரருக்குப் போனைப் போடுங்க" என்று கணவரை அதட்டினார்.